கொம்பும் கண்ணும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும், லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுப் போகும் வண்டிக்கருப்பணசாமி கோயிலுக்கும் பேர்போன ஊர். விலங்கியல் அறிஞர்களுக்கு இந்த ஊரை வேறொரு காரணத்தால் தெரியும். 1990களின் பிற்பகுதியில் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் அய்யலூர் வனப்பகுதியின் பீரங்கிக் கரட்டில் இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். அவை எதைத் தின்கின்றன, எப்படி நடக்கின்றன, யாரோடு சேர்ந்து உறங்குகின்றன என்றெல்லாம் குறித்துவைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங் தலைமையிலான குழு திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் தேவாங்கைத் தேடிக் கணக்கெடுத்து, அதன் முடிவை 1999இல் வெளியிட்டது. நம் சமவெளிச் சாம்பல் தேவாங்கைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு இந்தக் கரடுகளில் நடந்த வேலையிலிருந்து வந்தது.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. கரூர் பக்கம் கடவூர். நம் பக்கம் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள். அதே 2022இல் அசாமின் காசிரங்காவில் எடுத்த கணக்கெடுப்பில் 2,613 ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. அந்த ஆண்டு முழுவதும் அசாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையாடப்படவில்லை. 1977க்குப் பிறகு அப்படியொரு ஆண்டு அமைந்தது அதுவே முதல் முறை. இந்தியாவின் மிகப் பழைய பாதுகாப்பு முயற்சிகளில் ஒன்று உச்சத்தைத் தொட்ட வருடத்தில், மிகப் புதிய ஒன்று இங்கே முதல் அடி வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். கடவூரை இன்னொரு காசிரங்காவாக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் கேட்க வேண்டும் என்பதும் என் விருப்பம்.

காண்டாமிருகம் இரண்டு டன் எடை. தேவாங்கு கால் கிலோவைச் சுற்றி. ஒரு காண்டாமிருகத்துக்கு ஈடுகட்ட எட்டாயிரம் தேவாங்காவது வேண்டும். ஒன்று பகலில் புல்வெளியில் நின்று மேயும். மற்றொன்று இருட்டிய பிறகே கண் விழிக்கும். ஒன்று புல் தின்னி. மற்றொன்றின் சாப்பாடு பெரும்பாலும் எறும்பும் கரையானும் மற்றப் பூச்சிகளும். இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதைவிட நெருக்கமான ஒற்றுமை ஒன்று உண்டு. இரண்டையும் மனிதர்கள் கொல்வது இறைச்சிக்காக அல்ல, இல்லாத மருந்துக்காக.

காண்டாமிருகத்தின் கொம்பு நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டின்தான். காய்ச்சலுக்கு மருந்து, அந்தஸ்தின் அடையாளம் என்றெல்லாம் சீனத்திலும் வியட்நாமிலும் அதற்குச் சந்தை உருவாகி, ஆப்பிரிக்கா முதல் அசாம் வரை ரத்தம் சிந்த வைத்தது. தேவாங்குக்கு அதன் கண்ணே எமன். இரவில் ஒளிரும் அந்தப் பெரிய விழிகளை அரைத்தால் கண்நோய் தீரும், வசிய மருந்து செய்யலாம் என்ற நம்பிக்கை தென்னிந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. குறி சொல்பவர்கள் கையிலும் மாந்திரீகம் செய்பவர்கள் வீட்டிலும் தேவாங்கு கட்டுண்டு கிடந்திருக்கிறது. எதிரிக்குக் கேடு செய்ய அதன் கைகாலை முறிப்பதும் சூடு வைப்பதும் ஆய்வாளர்கள் பதிவு செய்த உண்மை. ஒருபுறம் அதைப் பார்ப்பதே அபசகுனம் என்று கல்லெறிவார்கள்; மறுபுறம் அதே உயிரைப் பிடித்து மந்திரவாதியிடம் கொடுப்பார்கள். இதை எழுதும்போதே மனம் பதறுகிறது. தப்பித்து ஓடத் தெரியாத, அடித்தால் திருப்பி அடிக்க முடியாத பிராணி அது.

ஒற்றுமை இத்தோடு நிற்கிறது. கொம்பின் விலை சர்வதேசக் கள்ளச்சந்தையில் தீர்மானிக்கப்படுகிறது. அதன் பின்னால் துப்பாக்கியும் பணமும் இடைத்தரகர் வலையும் உண்டு. தேவாங்கின் கண்ணுக்கு அப்படிப்பட்ட சந்தை இல்லை. அது ஊருக்குள்ளேயே, தெரிந்தவர் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டு வாங்கும் சரக்கு. ஆகவே முதல் பகையை எதிர்கொண்ட ஆயுதம் இரண்டாவதற்கு உதவாது. காசிரங்கா என்ன செய்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

இந்திய வைஸ்ராய் கர்சனின் மனைவி 1904இல் காசிரங்காவுக்குப் போனார் என்றும், காண்டாமிருகத்தின் கால்தடத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பிக் கணவரிடம் முறையிட்டார் என்றும் சொல்வார்கள். 1905இல் 232 சதுர கிலோமீட்டர் காட்டைக் காப்பதற்கான முன்மொழிவு வந்தது. அப்போது அங்கே எஞ்சியிருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. 1908இல் அது ஒதுக்கப்பட்ட காடானது, 1916இல் வேட்டைச் சரணாலயம். வேட்டைச் சரணாலயம் என்ற பெயரே அன்றைய மனநிலையைச் சொல்லும். வேட்டையை முழுக்க நிறுத்த 1938 வரை ஆயிற்று. 1954இல் அசாம் காண்டாமிருகத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1974இல் காசிரங்கா தேசியப் பூங்கா ஆயிற்று, 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

எனக்கு இந்தப் பட்டியலில் மிக முக்கியமாகப் படும் ஆண்டு 1966. அந்த ஆண்டுதான் காசிரங்காவில் முறையாகத் தலை எண்ணினார்கள்: 366. பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே வந்தார்கள். 2018இல் 2,413, 2022இல் 2,613. காண்டாமிருகம் பதினாறு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்குச் சில வருடம் ஆகும். அப்படிப்பட்ட உயிர் 366இலிருந்து 2,613 ஆகியிருக்கிறது என்றால், அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரோ சேற்றில் இரவும் பகலும் நடந்திருக்கிறார்கள். காசிரங்காவின் வேட்டைத் தடுப்பு முகாம்களில் தங்கும் வனக்காவலர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள். பிரம்மபுத்திராவில் வெள்ளம் வரும்போது காடே தண்ணீருக்குள் போய்விடும். அப்போதும் முகாமை விட்டு நகராமல் இருப்பவர்கள் அவர்கள்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அசாமே காட்டியது. 1983 கலவரக் காலத்தில் லாவகோவா காட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. மானஸ் காட்டில் 1980களின் இறுதியில் தொடங்கிய கிளர்ச்சி ஓய்வதற்குள் காண்டாமிருகம் என்ற இனமே அங்கு இல்லாமல் போயிற்று. 2005இல் தொடங்கிய ‘இந்தியக் காண்டாமிருகத் தொலைநோக்கு 2020’ திட்டத்தின் கீழ் 2008 முதல் மற்றக் காடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட வேண்டி வந்தது. காசிரங்காவிலேயே 2013, 2014 ஆண்டுகளில் வேட்டை மீண்டும் தலைதூக்கியது. 2021 செப்டம்பர் 22, உலகக் காண்டாமிருக தினத்தன்று, போக்காகாட்டில் 2,479 கொம்புகளை அசாம் அரசு பொதுவெளியில் எரித்தது. கருவூலத்தில் பல பத்தாண்டாகச் சேர்ந்தவை அவை. கொம்புக்கு மருத்துவ மதிப்பு கிடையாது என்று அறிவிக்க இதைவிட உரத்த வழி இல்லை.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் காசிரங்காவைப் புகழ்வது நேர்மையாகாது. 2010இல் அசாம் அரசு வனக்காவலர்களின் துப்பாக்கிப் பயன்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதன் பிறகு காட்டுக்குள் சுடப்பட்டவர்கள் எல்லாரும் வேட்டைக்காரர்கள்தானா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. 2016 செப்டம்பரில் பூங்காவின் ஓரத்திலிருந்த பந்தர்துபி முதலிய ஊர்களிலிருந்து மக்களை வெளியேற்றியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு விலங்கின் உயிர் முழுவதும் ஒரே இடத்தில், ஒரே வேலிக்குள் குவிந்திருந்தால் அந்த வேலி இறுகிக்கொண்டே போகும். வேலிக்கு வெளியே நிற்பவர் யாராயினும் சந்தேகத்துக்கு ஆளாவார்.

அய்யலூருக்குத் திரும்புவோம். இங்கே விலங்கு எந்த வேலிக்குள் இருக்கிறது?

கடவூரின் மலைகள் வட்டமாக ஊரைச் சூழ்ந்திருக்கும். மழை குறைந்த, உயரம் குறைந்த, பாறையும் முள்ளுமான கரடுகள். வெள்வேலும் உசிலையும் வேம்பும் கள்ளியும் ஆவாரையும் நிறைந்த வறண்ட காடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. சிறுமலையில் பனியைப் பார்த்தவர்கள் இந்தப் புதரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அரசு ஆவணங்களில்கூட இத்தகைய நிலம் தரம் குன்றிய காடு என்று பெயர் வாங்கியதுண்டு. தேவாங்குக்கோ இதுதான் சொர்க்கம். முள் அடர்ந்த இடத்தில் பூச்சி அதிகம். பகலில் பந்தாகச் சுருண்டு உறங்க முள்தான் பாதுகாப்பு. கர்ப்பம் ஐந்தரை மாதம். ஒன்றோ இரண்டோ குட்டி. இருட்டியதும் தாய் குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும், விடியும் முன் வந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கிளை, அந்தப் புதர், அந்த இரவின் அமைதி கலையாமல் இருக்கும்வரை இந்த உயிர் தானாகவே பெருகிக்கொள்ளும். இனப்பெருக்க வேகத்தில் காண்டாமிருகம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் தேவாங்கு ஒதுக்குக் காட்டின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவதில்லை. அடிவாரத்துப் புளியந்தோப்பு, ஓடைக்கரை, மானாவாரிக் காட்டின் வரப்பு, தோட்டத்தைச் சுற்றிய கிளுவை வேலி, இவையெல்லாம் அதன் நடமாட்டத்துக்குள் அடங்கும். அதற்குக் குதிக்கத் தெரியாது. குரங்கைப்போல ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. ஒரு கிளையை விடுமுன் அடுத்த கிளையைப் பற்றிக்கொண்டு, கை மாற்றி கால் மாற்றி ஊர்வதுபோல் நகரும். கிளைக்குக் கிளை தொடர்பு இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் நாய், பூனை, சக்கரம். எனவே ஒரு கிளுவை வேலி என்பது தேவாங்குக்கு வீடும் சாலையும் சாப்பாட்டுக் கூடமும் ஆகும். அதைப் பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டினால், தோட்டக்காரருக்கு ஒரு வேலி போய் இன்னொரு வேலி வந்தது, அவ்வளவுதான். தேவாங்குக்கு ஒரு தெருவே அழிந்தது.

காசிரங்காவிலும் சாலைப் பிரச்சினை உண்டு. வெள்ளம் வரும்போது விலங்குகள் தெற்கே கார்பி ஆங்லாங் மேட்டுக்கு ஏற வேண்டும். குறுக்கே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. வெள்ள மாதங்களில் அங்கே விலங்குகள் கடக்கும் இடங்களில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்திக் காவலும் போடுகிறார்கள். காண்டாமிருகத்தின் மேல் மோதினால் வண்டிக்கும் சேதம் என்பதால் ஓட்டுநரும் கொஞ்சம் பயப்படுவார். திருச்சிச் சாலையில் கால் கிலோ உயிரின் மேல் பதினாறு சக்கர லாரி ஏறினால் ஓட்டுநருக்கு அது தெரியக்கூடச் செய்யாது. காலையில் காக்கை கொத்திவிட்டால் சுவடும் இருக்காது. காண்டாமிருகம் செத்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும். தேவாங்கு எத்தனை செத்தாலும் கணக்கில் வராது.

கணக்கு என்று வரும்போதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் பெரிதாகத் தெரிகிறது. காண்டாமிருகத்தைக் கோடைக்கு முன், புல்லை எரித்த பிறகு, யானை மேல் ஏறிக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணிவிடுவார்கள். தேவாங்கை எண்ண இரவில் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து, கிளையில் கண் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு ஒளி அதன் கண்ணை அதிகம் கூசச் செய்யாது. மின்னியது தேவாங்கா, மரநாயா, பக்கிக் குருவியா என்று பழகியவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியும். வேர்வையும் முள்ளும் பாம்புப் பயமும் கூடவே வரும். இந்த வேலைக்கு ஆராய்ச்சி மாணவர்கள் போதாது. கரட்டின் ஒவ்வொரு பாறையும் தெரிந்த, இரவில் ஆட்டுக்கிடைக்குக் காவல் படுத்துப் பழகிய ஆள்கள் வேண்டும். அய்யலூர், வடமதுரை, நத்தம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. காசிரங்கா தன் காவலர்களைப் பக்கத்து ஊர்களிலிருந்து எடுத்தது என்றால், கடவூர் தன் இரவு நடையர்களை இங்கிருந்து எடுக்கலாம். துப்பாக்கிக்குப் பதில் சிவப்பு விளக்கு போதும்.

என் கருத்தில், காசிரங்காவிடமிருந்து கடவூர் கடன் வாங்க வேண்டியது காவல் முகாமும் கதவும் அல்ல, 1966தான். ஒரே பாதையில், ஒரே முறையில், ஒரே பருவத்தில், விடாமல் எண்ணும் பழக்கம். ஒரு முறை பெரிதாக எண்ணிப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு மறந்துபோனால் பத்து வருடம் கழித்து ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நடைப்பாதைகளில் பாதியாவது சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே, பட்டா நிலங்களின் வரப்புகளில் அமைய வேண்டும். உள்ளே காடு அப்படியே இருக்க, வெளியே வேலிகள் ஒவ்வொன்றாய் மறைந்தால், உள்ளே மட்டும் எண்ணும் கணக்கு நம்மை ஏமாற்றும்.

வேலியை இறுக்கும் பாடத்தை மட்டும் காசிரங்காவிடம் கற்க வேண்டாம். சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் அடிவார ஊர்களில் முதலில் எழும் பயம், ஆடு மேய்க்க விடுவார்களா, சுள்ளி பொறுக்க விடுவார்களா, நிலத்தைப் பிடுங்குவார்களா என்பதுதான். அந்தப் பயம் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அசாமில் நடந்ததை அவர்களும் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் இங்கே நிலைமை வேறு என்பதை வனத்துறைதான் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். தேவாங்கால் யாருக்கும் நஷ்டம் இல்லை. காண்டாமிருகம் பூங்காவை விட்டு வெளியே வந்தால் ஒரு இரவில் நெல் வயலை மிதித்துத் துவைத்துவிடும். சமயத்தில் ஆளையும் குத்தும். காசிரங்காவின் அண்டை விவசாயி அந்த உயிருக்காக உண்மையிலேயே தியாகம் செய்கிறார். வேடசந்தூர் விவசாயியிடம் தேவாங்கு எதையும் கேட்பதில்லை. அவர் தோட்டத்துப் பூச்சியைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் வேலிக்குள் ஒளிந்துகொள்கிறது. அவர் நிலத்தை விட வேண்டாம், பயிரை விட வேண்டாம், ஆட்டைப் பட்டினி போட வேண்டாம்.

அவர் விட வேண்டியது இரண்டே. ஒன்று, தேவாங்கைக் கண்டால் கேடு என்ற எண்ணம். இது பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கினால் எளிதில் கரையும் என்பது என் நம்பிக்கை. அந்த முகத்தையும் கைவிரலையும் கிட்டத்தில் பார்த்த குழந்தை கல்லை எடுக்காது. குறி சொல்பவர்களின் வயிற்றுப்பாட்டுக்கும் மாற்று வழி தேட வேண்டும். பிடித்துச் சிறையில் போட்டால் மட்டும் முடியாது. இரண்டாவது, வேலியைக் கம்பியாக மாற்றும் அவசரம். கிளுவைப் போத்தை ஐப்பசி மழை ஈரத்தில் வரிசையாக ஊன்றினால் தானே வேர்பிடித்துக்கொள்ளும். ஆட்டுக்குத் தழை தரும், காற்றைத் தடுக்கும், ஒருமுறை நிலைத்துவிட்டால் தலைமுறைக்கு நிற்கும். கம்பிக்கும் கல்தூணுக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை, அரசின் சரணாலய ஒதுக்கீட்டிலிருந்தே, எல்லையோர விவசாயிகளுக்கு உயிர்வேலி பராமரிப்புத் தொகையாகத் தரலாம். அசாமில் காவலருக்குச் சம்பளம் கொடுப்பதுபோல், இங்கே வேலிக்காரருக்குக் கொடுக்கட்டும். அய்யலூரிலும் கொம்பேறிப்பட்டியிலும் அடுத்த மழைக்கு முன் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டிய விஷயம் இது.